ஆன்லைன் மீட்டிங் தொடங்கினாலே எங்கள் நாய் குரைத்துத் தொல்லை செய்கிறது. எப்படி நிறுத்துவது?

"கண்டுகொள்ளாதீர்கள், தானாக நின்றுவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில் நான் பல மாதம் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர். நாயைக் காலையில் வாசல் வரை கூட்டிப்போய் ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். சரிதானே? கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் ராணி சிப்பிப்பாறை. வெட்டவெளியில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த ஜாதி. அது இருப்பதோ மதுரையில் இரண்டாவது மாடி பிளாட்டில். நான் வாங்கவில்லை. 2020-ல் வீட்டோடு அடைந்து கிடந்த என் தம்பி, ஊரடங்கு தளர்ந்ததும் கோவில்பட்டிப் பக்கம் போய்க் குட்டியாகத் தூக்கி வந்தான். "நாட்டு நாயை நாமே வளர்க்காட்டி யாருக்கா வளர்ப்பா? 2005-லயே தபால்தலை போட்டிருக்காங்க" என்று ஒரு சொற்பொழிவு வேறு. அது ராஜபாளையத்துக்குடா, இது சிப்பிப்பாறை என்றேன். காதில் வாங்கவில்லை. ஆபீஸ் திறந்ததும் பெங்களூரு போய்விட்டான். ஊசி போட, குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "என் செல்லம்" என்று கொஞ்ச மட்டும் அவன். அப்பா அம்மா விஷயத்திலும் இதே கதைதான், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஹெட்போனை மாட்டினால் போதும், ராணி குரைக்க ஆரம்பிக்கும், இல்லையென்றால் எதையாவது கவ்விக்கொண்டு ஹாலைச் சுற்றும். முதலில் செருப்பு, அப்புறம் ரிமோட். ஒருநாள் ஜிஎஸ்டி கணக்கு பற்றி கிளையண்டிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அப்பாவின் பல் செட்டை வாயில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நிற்கிறது. அப்பா பொக்கை வாயோடு கத்திக்கொண்டே துரத்த, அம்மா துடைப்பத்தோடு துரத்த, கடைசியில் நானும் மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடினேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் பின்னால் ஓடி வருகிறார்கள் என்றால் அதற்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன? மறுநாளும் அதே நேரத்துக்குப் பல் செட்டைத் தேடியது.

கால்நடை மருத்துவரிடம் போனேன். (திடீரென்று வந்த பழக்கம் என்றால் நீங்களும் முதலில் போய்க் காட்டுங்கள், வலி இருந்தாலும் இப்படிச் செய்யும்.) உடம்புக்கு ஒன்றுமில்லை, குரைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள் என்றார். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்காம் நாள் இருபது நிமிடம் விடாமல் குரைத்தது. கீழ் வீட்டு மாமா வந்து கதவைத் தட்ட, அவமானம் தாங்காமல் ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டேன். அங்கேதான் கெட்டது. இத்தனை நாள் கிடைத்தது திடீரென்று நின்றால், அடங்குவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போகுமாம். 'எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்' என்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கொடுத்தால், இருபது நிமிடம் குரைத்தால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியதும் இதைத்தான்: எப்போதாவது மட்டும் தீனி கிடைத்த புறா, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அந்த 'எப்போதாவது' அப்பா. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ரகசிய பிஸ்கட் சப்ளை.

பலன் தந்தது என்னவென்றால், குரைக்கும்போது கவனிக்காமல் விட்டதைவிட, சும்மா படுத்திருக்கும்போது கவனித்தது. நாய் அமைதியாக இருந்தால் அப்பாடா என்று நாம் மறந்துவிடுகிறோம் இல்லையா? அப்போதுதான் போய்த் தடவிக்கொடுத்தேன், ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தேன். மீட்டிங்குக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நடை, அதுவும் வழியெல்லாம் மோந்து பார்க்க விட்டு. காலைத் தீனியைத் தட்டில் போடாமல் பழைய கால்மிதியில் தூவி, தேடித் தின்ன விட்டேன். இரண்டு மாதம் ஆனது. ஒரு வாரத்தில் மாற்றுகிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

"ரெண்டு போட்டால் அடங்கும்" என்று எழுத வருகிறவர்களுக்கு: அம்மா துடைப்பத்தால் போட்டும் பார்த்தார், துடைப்பத்தையே தூக்கிக்கொண்டு ஓடியது. நாயைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவள் என்றும் நினைக்க வேண்டாம். கட்டிலில் ஏற இன்றுவரை அனுமதி இல்லை.

முழுதும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. அப்பாவின் பல் செட் இப்போது எவர்சில்வர் டப்பாவில் பீரோவுக்கு மேலே இருக்கிறது. அந்த மூடி திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும், எந்த அறையில் தூங்கினாலும் ராணி எழுந்து வந்துவிடுகிறது.