பாம்பு கடித்தால் பலகை பறக்கிறது

கேள்வி: அம்மா, என் மகனுக்கு 5 வயது. பரமபதம் ஆடும்போது பாம்பு கடித்தால் பலகையைத் தூக்கி எறிகிறான், அக்காவை அடிக்கிறான். பேரன் அழக்கூடாது என்று என் மாமியார் வேண்டுமென்றே தோற்றுப்போகிறார். விளையாட்டையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: நிறுத்தாதீர்கள். அதிகம் நோகாமல் தோற்றுப் பழக இதைவிட நல்ல இடம் ஏது? பரமபதத்தில் திறமைக்கு வேலையே இல்லை, எல்லாம் பகடை விழுகிற விதம். ‘நீ சரியாக ஆடவில்லை’ என்று யாரும் அவனைக் குத்திக்காட்ட முடியாது. கணக்குப் போட்டு ஆடும் பல்லாங்குழியைப் பிறகு எடுக்கலாம். அந்தத் தோல்வி இன்னும் சுடும்.

கோபத்துக்குக் கடிவாளம் போடுவது மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர 20 வயதைத் தாண்ட வேண்டும். ஆகவே பலகை பறந்த நிமிடத்தில் புத்திமதி வேண்டாம். ஓங்கிய கையைப் பிடித்து, ‘அக்காவை அடிக்க விடமாட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். தேம்பல் அடங்கட்டும். பிறகு, ‘95 வரை வந்துவிட்டாய், பாம்பு விழுங்கிவிட்டது. ஏமாற்றமாக இருந்ததா?’ என்று கேளுங்கள். தலையை ஆட்டினாலே போதும். சிதறிய காய்களை அவனே பொறுக்கட்டும். நீங்களும் கூட உட்காரலாம். உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்லி மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பால்வாடியில் அப்படி வாங்கிய ‘சாரி’ மறு நிமிடமே கிள்ளாகத் திரும்பியதைப் பார்த்தவள் நான். அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். தன் காயைப் பாம்பு கடிக்கும்போது அவர் வாய்விட்டுப் புலம்பட்டும்: ‘ஐயோ, இவ்வளவு தூரம் ஏறி வந்தேனே! வருத்தமாகத்தான் இருக்கிறது. சரி, அடுத்தது யார்?’ பெரியவர்கள் தோற்பதைப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்? நாம்தான் மறைத்துவிடுகிறோமே. உங்கள் கணவரையும் ஆட்டத்தில் சேருங்கள். கிரிக்கெட்டில் சென்னை தோற்கும் இரவுகளில் ரிமோட் எங்கே போய் விழுகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பள்ளியிலும் இதே கதைதானா என்று நீங்கள் எழுதவில்லை. அங்கும் தினமும் அடிதடி என்றாலோ, ஆத்திரத்தில் தன்னையே அடித்துக்கொண்டாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.