எக்ஸ்ரே எடுக்கிற பையன்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மகனைவிடச் சொந்தக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நீட் இரண்டு முறை எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இப்போது பி.எஸ்ஸி. ரேடியோகிராபிக்கு இடம் வந்திருக்கிறது, "எக்ஸ்ரே எடுக்கிற பையன்" என்று சொல்லிவிடுவார்களே என்று கவலை. சொல்லட்டும். அந்த வேலை பட்டன் அழுத்துவது மட்டும்தானா என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு வருகிறேன்.

கல்லீரலையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் தமனி வழியாக மட்டுமே வரும். கல்லீரலுக்கு இரண்டு வாசல். சுமார் கால் பங்கு கல்லீரல் தமனியில் வருகிறது. மீதி முக்கால் பங்கு குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக வந்து சேருகிறது. சி.டி. ஸ்கேனின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிவதற்காகக் கையில் ஏற்றிய அயோடின் மருந்து சுமார் 35 நொடியில் தமனிகளைப் படத்தில் வெளுப்பாக்கும். சுற்றுவழியில் வரும் மருந்து கல்லீரல் முழுக்கப் பரவ 70 நொடி ஆகிவிடும். கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்து வளர்வது. அதனால் அந்த 35-வது நொடியில் எடுக்கும் முதல் படத்தில் பளிச்சென்று தெரியும், அடுத்தடுத்த படங்களில் சுற்றியுள்ள சதையைவிட மங்கிப்போகும். அந்த முதல் படத்தைத் தவறவிட்டால் கட்டியே கண்ணில் படாமல் போகலாம். இதயம் பலவீனமானவருக்கு மருந்து தாமதமாகப் போகும். பெரியவர் ஒருவருக்கு மூச்சைப் பிடிக்க முடியாது. இதையெல்லாம் பார்த்து நேரத்தைக் கணிப்பவர் கன்சோல் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெக்னாலஜிஸ்ட்தான்.

1998-ல் தில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரும் ஆகிவிட்டது. இப்படி வெட்டுவதற்கு வரைபடம் வேண்டும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் கூய்னோ 1957-ல் கல்லீரலை எட்டுக் கூறாகப் பிரித்தார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு கூறும் ஒரு வயல்; வரப்பில் ஓடுவது கல்லீரல் சிரை, வயலின் நடுவே பாய்கிற வாய்க்கால் போர்ட்டல் கிளை. சிலருக்கு வலது தமனி வழக்கமான இடத்தை விட்டுக் குடல் தமனியிலிருந்து கிளம்பும். கத்தி வைப்பதற்கு முன்பே அது படத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். உங்கள் மகன் டாக்டராகிவிட மாட்டார். இதை இன்றே அவரிடம் பேசிவிடுங்கள், மூன்றாம் வருடத்தில் தெரிந்து மனம் உடைவதைவிட அது மேல். இன்னொன்று: "அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் ஆகலாம்" என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் படிப்புகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். போர்ட்டல் சிரையின் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் உட்பட, இங்கே அந்த ஸ்கேனைச் செய்வது டாக்டர்கள்தான். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் அதில் கண்டிப்பானது.

கதிர்வீச்சு பயம் நியாயமானது. ஊழியருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. அதைக் கண்காணிக்க மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். சி.டி. அறையில் ஊழியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார், எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரேயே கிடையாது. கவனம் அதிகம் தேவைப்படுவது, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழலை விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில். கட்டிக்குப் போகும் தமனியை அடைக்கும் சிகிச்சை நடக்கும்போது ஈய அங்கியோடு உள்ளேயே நிற்க வேண்டும்.

ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு டியூட்டி உண்டு. சி.டி., எம்.ஆர்.ஐ. கைவந்தபின் நிலைமை மாறும்.

சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, இல்லையென்றால் அங்கீகாரமுள்ள வேறு பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கிறதா, சொந்த மருத்துவமனையில் சி.டி. ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசி வருட மாணவர் யாரையாவது கேன்டீனில் பிடித்து, "தம்பி, கல்லீரலுக்கு மருந்து ஏத்தி மூணு நேரத்துல படம் எடுக்கிற மூணு கட்ட ஸ்கேன் நீங்க கைப்பட எத்தனை பண்ணியிருக்கீங்க?" என்று உங்கள் மகனையே கேட்கச் சொல்லுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.