பள்ளிக்கூடச் சேதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

வணக்கம் அம்மா. நாங்கள் போன வருடம்தான் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்தோம். மாவட்டம் முழுக்க மூன்றே பள்ளிகள். வாராவாரம் செய்திமடல் வருகிறது, ஒன்றுவிடாமல் படிக்கிறேன். ஆனாலும் மகளின் இசை டீச்சர் அடுத்த வருடம் பாதி நாள்தான் வருவார் என்பது ஜூன் மாதம், அதுவும் அடுத்த வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. இதை ஏன் மறைத்தார்கள்?
– ஒரு வாசகி, அயோவா

மறைக்கவில்லை அம்மா. நீங்கள் பார்க்காத இடத்தில் சொல்லியிருப்பார்கள்.

அந்த மாதிரி மடல்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். வாரக் கடைசி நெருங்கும்போது ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படங்கள் வந்து சேரும். அறிவியல் கண்காட்சி, புத்தகச் சந்தை, கூடைப்பந்து வெற்றி, காய்ச்சல் தடுப்பூசி தேதி. நடந்து முடிந்த விழாவும் நடக்கப்போகும் விழாவும் மடலில் இடம்பெறும். முடிவெடுக்க வேண்டிய விஷயம் அதில் வராது. அது, மாவட்டத்துக்காக முடிவெடுக்கும் குழுவான ஸ்கூல் போர்டின் கூட்ட அஜெண்டாவில், அதாவது நிகழ்ச்சி நிரலில்தான் வரும். கூட்டத்துக்கு முன்பே அதை வெளியிட வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. உங்கள் அயோவாவில் குறைந்தது 24 மணி நேரம் முன்பு. கலிபோர்னியாவில், 1953-இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு.

அஜெண்டாவைத் திறந்ததும் பெரிய தலைப்புகளில் கண்ணை ஓட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒரு பகுதி இருக்கும். சென்ற கூட்டத்தின் குறிப்பு, கட்ட வேண்டிய பில்கள், ராஜினாமா, புது நியமனம், ஒப்பந்தப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் அதில் ஒரே கட்டாகக் கட்டி, விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றுவார்கள். அதிலோ, அதனுடன் இணைத்த பணியாளர் பட்டியலிலோ 'இசை, தொடக்கப் பள்ளி, 1.0-இலிருந்து 0.5' என்று ஒரு வரி இருந்திருக்கும். உங்கள் மகளின் பாட்டு வகுப்பு பாதியானது அந்த ஒரு வரியில்தான். அதைப் பார்த்துப் பதறும் ஆள் அந்த அறையில் இல்லாமல் போவதுதான் எனக்கு இன்றும் மனசை அறுக்கிற விஷயம்.

அடுத்த வருடத்துக்கான ஆசிரியர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வசந்த காலத்திலேயே முடிவாகிவிடும். அதனால் பிப்ரவரி முதல் மே வரை வரும் அஜெண்டாக்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். கன்சென்ட் அஜெண்டாவில் இருக்கும் எதையும் தனியே எடுத்துப் பேச வேண்டும் என்று போர்டு உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். அப்படிக் கேட்கும்படி கூட்டத்துக்கு முந்தின நாளே யாராவது ஒரு உறுப்பினருக்கு நாலு வரி எழுதிவிடுங்கள். சின்ன மாவட்டத்தில் அந்த உறுப்பினர் உங்கள் பல் மருத்துவராகவோ பக்கத்துப் பண்ணைக்காரராகவோ இருப்பார். பல இடங்களில் அந்த வேலைக்குச் சம்பளமே கிடையாது. எழுதினால் படிப்பார்கள். நாலு வரிக் கடிதம் ஒன்று போர்டின் பேச்சையே திருப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் பள்ளி பட்ஜெட் ஓட்டெடுப்பு என்று வீட்டுக்கு அஞ்சலட்டை வந்தது. எனக்கு எச்-1பி விசா. வரி மட்டும் நான் கட்ட வேண்டும், பேச எனக்கு உரிமை இல்லையா?
– ஒரு வாசகர், நியூயார்க் மாநிலம்

பேச உரிமை உண்டு. ஓட்டுதான் இல்லை.

உங்கள் மாநிலத்தில் நியூயார்க் நகரம், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ், யாங்கர்ஸ் ஆகிய ஐந்து பெரிய நகரங்கள் நீங்கலாக, மற்ற மாவட்டங்களில் பட்ஜெட்டை மக்களிடமே வைக்கிறார்கள். நாள், மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய். ஓட்டுப்போட அமெரிக்கக் குடியுரிமையும் 18 வயதும் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருப்பும் வேண்டும். 2011-இல் வந்த சட்டப்படி, வரி வசூலின் உயர்வை 2 சதவீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்ட வரம்புக்குள் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் 60 சதவீத ஆதரவு தேவை. பட்ஜெட் தோற்றால் ஜூனில் இன்னொரு முறை வைக்கலாம். மறுபடியும் தோற்றால் வரி வசூலை ஒரு டாலர்கூட உயர்த்த முடியாது. அப்போது முதலில் அடிபடுவது விளையாட்டு, பாட்டு, மாலை நேர பஸ் போன்றவை.

சின்ன மாவட்டங்களில் இந்த ஓட்டெடுப்புக்கு மிகக் குறைவான பேரே வருவார்கள். பத்து இருபது ஓட்டில் முடிவு மாறக்கூடிய இடம் அது. உங்கள் தெருவில் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை, அவர்களில் யாருக்கெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பட்ஜெட் பற்றிய பொது விசாரணைக் கூட்டம் அதற்கு முன்பே நடக்கும். பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் பேசலாம். உங்களிடம் விசா கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்பதால் எழுதிவைத்துப் படியுங்கள். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் நூலக டீச்சரை நிறுத்திவிட்டார்கள், காசு இல்லையாம். அதே மாதம் விளையாட்டு மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடுகிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இது எப்படி நியாயம்?
– ஒரு தந்தை, வாஷிங்டன் மாநிலம்

இந்தக் கேள்வி வராத இதழே இல்லை. கோபம் நியாயமானது. ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் சரியாக இருக்க வேண்டும்.

பள்ளி மாவட்டத்தின் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. சம்பளம், மின்கட்டணம், பஸ் டீசல் எல்லாம் பொது நிதியிலிருந்து. கட்டடம், கூரை, மைதானம் ஆகியவை பாண்ட் மூலமாகவோ தனி மூலதன வரியிலிருந்தோ. 'இன்ன வேலைக்கு இவ்வளவு கடன் வாங்கலாமா' என்று மக்களிடம் கேட்டு வாங்கும் பாண்ட் பணத்தில் நூலக டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் விடாது. உங்கள் மாநிலத்தில் பாண்ட் ஜெயிக்க 60 சதவீத ஓட்டு வேண்டும். அன்றாடச் செலவுக்கான 'லெவி' என்ற வரிக்குப் பாதிக்கு மேல் வந்தால் போதும். புல்லுக்குரிய பணம் சில வருடங்களுக்கு முன்பே ஓட்டில் முடிவாகியிருக்கலாம். டீச்சருக்கான பற்றாக்குறை இந்த வருடத்தது.

பற்றாக்குறை ஏன் வந்தது என்று கேளுங்கள், அதுதான் பலன் தரும் கேள்வி. கொரோனாவின்போது 2020, 2021 ஆண்டுகளில் மத்திய அரசு மூன்று தவணையாகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தைச் செலவுக்கு ஒதுக்க வேண்டிய கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 30. அதை நம்பி நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள் பல, கெடு முடிந்ததும் திணறின. அதோடு மாநில நிதி பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே வருகிறது. பெரிய ஊரில் இருபது பிள்ளைகள் குறைந்தால் யாருக்கும் தெரியாது. சின்ன ஊரில் அது ஒரு டீச்சரின் சம்பளம். மூன்று கேள்வியை எழுதி அனுப்புங்கள்: அந்தப் பணியிடத்துக்கு இதுவரை எந்த நிதியிலிருந்து சம்பளம் போனது? இந்த வருடச் சேர்க்கை எத்தனை, போன வருடம் எத்தனை? கையிருப்பு நிதி எவ்வளவு? இந்த விவரங்கள் உள்ள ஆவணங்களைக் கேட்டால் கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். எல்லாமே பொது ஆவணம்.

நூலக டீச்சரை இழந்த பள்ளியில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறை திறந்திருக்கும், புத்தகமும் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்த ஆள் இருக்காது. விட்டுவிடாதீர்கள்.

பையனைக் கிண்டர்கார்ட்டனில் சேர்க்கிறோம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ்தான். 'தமிழ் என்று எழுதினால் தனி வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள், இங்கிலீஷ் என்றே எழுது' என்கிறார் என் கணவர். என்ன செய்ய?
– ஒரு தாய், டெக்சஸ்

தமிழ் என்று எழுதுங்கள். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது, எத்தனையோ பெற்றோர் என் மேசை முன் நின்று இதே தயக்கத்தோடு பேனாவைப் பிடித்திருக்கிறார்கள்.

தமிழ் என்று எழுதுவதால் தானாக எந்த வகுப்பிலும் போட மாட்டார்கள். முதலில் ஆங்கிலத்தில் ஒரு சிறு சோதனை வைப்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமான அளவு இருந்தால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று வந்தால் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பள்ளி தொடங்கியதும் என்றால் 30 நாளுக்குள். அந்தத் திட்டம் வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. அப்படி மறுத்தாலும் பிள்ளையின் ஆங்கிலத்தை ஆண்டுதோறும் சோதிப்பார்கள், அவ்வளவுதான். இங்கிலீஷ் என்று எழுதிவிட்டால், நாளைக்கு உண்மையாகவே உதவி தேவைப்படும்போது அந்தக் கதவை நாமே சாத்தியதாகிவிடும்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேருக்காகப் போட்ட வழக்கு அது. லாவ் எதிர் நிக்கல்ஸ். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமமாகிவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம்தான் அதற்கு அடிப்படை.

இன்னொன்று. உங்களுக்கோ ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கோ ஆங்கிலம் சிரமம் என்றால் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். அதற்குப் பணம் வாங்கக் கூடாது. சின்ன மாவட்டத்தில் தமிழ் தெரிந்த ஆள் இருக்க மாட்டார், தொலைபேசி வழியே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். தம்பியைப் பற்றிய குறையை அக்கா வாயாலேயே அம்மாவுக்குச் சொல்லவைப்பது அந்தக் குழந்தைக்குப் பெரிய பாரம்.

பனி நாட்களில் விடுமுறை என்று விடிகாலை ஐந்தரை மணிக்குத்தான் செய்தி அனுப்புகிறார்கள். முந்தின இரவே சொன்னால் என்ன?
– ஒரு வாசகர், மிச்சிகன்

இரவில் சொன்னால் பாதி நேரம் தப்பாகிவிடும். மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டன்ட் விடியுமுன் எழுந்து சாலைத் துறையிடமும் பஸ் பொறுப்பாளரிடமும் பேசி, சில சமயம் தானே வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். உங்கள் தெரு சுத்தமாக இருக்கும். ஆனால் பஸ் போகும் மண்சாலை பத்து மைல் தள்ளி உறைந்து கிடக்கும், அங்கே இருட்டில் ஒரு பிள்ளை காத்து நிற்கும். முதல் பஸ் கிளம்பும் நேரத்துக்கு முன் சொன்னால் போதும் என்பதால்தான் ஐந்தரை.

எங்கள் மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு இணைக்கப் பேச்சு நடக்கிறது. ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது?
– ஒரு குடும்பம், வெர்மான்ட்

எந்தப் பக்கம் என்பதை ஊர் தெரிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னணியை நான் சொல்கிறேன்.

1940 வாக்கில் இந்த நாட்டில் 1,17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், அதுவே ஒரு மாவட்டம். பஸ்ஸும் தார்ச்சாலையும் வந்ததும் இணைப்பு தொடங்கி, இன்றைக்கு சுமார் 13,000-இல் நிற்கிறது. அவற்றிலும் ஏறத்தாழ பாதி, ஆயிரம் பிள்ளைகளுக்குக் குறைவானவை. அர்கன்சா 2004-இல் 350 பிள்ளைகளுக்குக் குறைந்த மாவட்டங்களைச் சட்டம் போட்டு இணைத்தது. உங்கள் வெர்மான்ட்டில் 2015-ஆம் ஆண்டின் சட்டம் 46, முதலில் சலுகை காட்டி இணையச் சொன்னது. இணையாத சிலவற்றை 2018-இல் மாநிலக் கல்வி வாரியமே இணைக்க உத்தரவிட்டது. ஆக, இது உங்கள் ஊர் போர்டின் தலையில் திடீரென்று உதித்த யோசனை இல்லை.

இணைந்தால் பெரிய பள்ளியில் இயற்பியல், பிரெஞ்சு, இசைக்குழு எல்லாம் கிடைக்கும் என்பது உண்மை. ஊர்ப் பள்ளி மூடினால் அந்த ஊருக்குக் குடிவர இளம் குடும்பங்கள் தயங்கும் என்பதும் உண்மை. கூட்டத்தில் பெரும்பாலும் பள்ளியின் பெயர், விளையாட்டு அணியின் நிறம் என்று பேச்சு போய்விடும். எந்தக் கட்டடம் எத்தனை வருடம் திறந்திருக்கும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் எழுத்தில் உள்ளதா? அந்த மாவட்டத்தின் பழைய கடனை யார் கட்டுவது? கடைக்கோடி வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை காலையில் எத்தனை நிமிடம் பஸ்ஸில் இருக்கும்? கடைசிக் கேள்விக்குச் சராசரிக் கணக்கைச் சொன்னால் ஏற்காதீர்கள், மிக நீளமான வழித்தடத்தின் நேரத்தைக் கேளுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு: தொடக்கப் பள்ளிப் பிள்ளையை ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்காரவைக்கிற திட்டம், எவ்வளவு பணம் மிச்சம் பிடித்தாலும், நல்ல திட்டம் இல்லை.

மகளின் பெயர் மதிப்பெண் சிறப்புப் பட்டியலில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. எங்களைக் கேட்கவே இல்லை. இது சரியா?
– ஒரு வாசகி, ஒஹாயோ

கேட்டிருப்பார்கள், படிவக் கட்டுக்குள் இருந்திருக்கும். மாணவர் விவரங்களைக் காக்க 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி பிள்ளையின் மதிப்பெண்ணை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே தரக் கூடாது. ஆனால் பெயர், படம், பெற்ற பரிசு, அணியில் ஆடுபவர் என்றால் உயரமும் எடையும்கூட 'டைரக்டரி' விவரம் என்று மாவட்டம் அறிவித்து வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்களின் விவரம் வெளியே போகும். ஆகஸ்டில் வரும் சேர்க்கைப் படிவங்களில் அதற்கு ஒரு தாள் இருக்கும். இந்த வருடத்துக்குக் கெடு தாண்டியிருந்தாலும் பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டுப் பாருங்கள், சின்ன மாவட்டங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல மாவட்டங்களில் ஒரே கட்டம்தான் இருக்கும், அதைக் குறித்தால் ஆண்டு மலரில் இருந்தும் பெயரும் படமும் போய்விடும். பத்திரிகை மட்டும் வேண்டாம், ஆண்டு மலர் இருக்கட்டும் என்றால் அதைத் தனியே எழுதிக் கேளுங்கள்.