பாட்டைத் தள்ளிவிட்டுப் பாட்டைக் குறை சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. போக்கிமானில் ஆரம்பித்து டிஜிமான், ஸ்லாம் டங்க், எவாஞ்சலியன் என்று அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள்) பார்த்து வளர்ந்தவன். அந்தக் காலத்து ஓப்பனிங் பாட்டுகள் கதைக்காகவே எழுதப்பட்டவை. இப்போது பெரிய பாப் பாடகர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கு விளம்பரமாக ஏதோ ஒரு பாட்டை முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். பத்து வினாடியில் ஸ்கிப் செய்துவிடுகிறேன். அனிமே பாட்டின் பொற்காலம் முடிந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்வீர்களா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய பாட்டுகள் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வரலாறு தலைகீழாக இருக்கிறது.

கதைக்காகவே எழுதிய பாட்டு வேண்டுமென்றால் 1970-களுக்குப் போக வேண்டும். 1972-ல் வந்த ‘மாஸிங்கர் இஸட்’ என்ற ரோபோ தொடரின் பாட்டை இச்சிரோ மிசுகி அடிவயிற்றிலிருந்து பாடினார். அந்த ரோபோவிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்பது வரியிலேயே வரும். அதன் பெயரை முழங்கித்தான் சரணமே முடியும். 1983-ல் ‘கேட்ஸ் ஐ’ தொடருக்கு ஆன்ரி பாடிய பாட்டு ஜப்பானின் ஓரிகான் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. வாராவாரம் வீட்டுக்குள் போய்ப் பாட்டை விற்றுத்தர ஒரு வழி இருக்கிறது என்று இசைக் கம்பெனிகள் கண்டுகொண்ட காலம் அது. அடுத்த பத்தாண்டில் அது முழுநேர வியாபாரமாகவே ஆனது. நீங்கள் பொற்காலம் என்று சொல்லும் 1990-கள்தான் ஒட்டவைக்கும் பழக்கத்தின் உச்சம்.

உங்கள் பட்டியலில் இருக்கும் ‘ஸ்லாம் டங்க்’கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் தொடர் ஆரம்பித்தபோது முதல் பாட்டைப் பாடியது பாட் என்ற இசைக்குழு. ‘உன்னைக் காதலிக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருக்கிறது’ என்கிற காதல் பாட்டு அது. கூடைப்பந்து என்ற பேச்சே அதில் கிடையாது. ‘ருரோனி கென்ஷின்’ இன்னும் பெரிய உதாரணம். மெய்ஜி காலத்து (19-ஆம் நூற்றாண்டு ஜப்பான்) வாள்வீரன் ஒருவன் இனிக் கொல்வதில்லை என்று சபதம் செய்துகொண்டு ஊர் ஊராக அலைகிற கதை. 1996-ல் அதற்கு முன்னால் வந்த ஜூடி அண்டு மேரி குழுவின் பாட்டோ, தன் முகத்துப் புள்ளிகள் பிடிக்காத ஒரு பெண் முறிந்த காதலை நினைத்துப் பாடுவது. வாளும் இல்லை, சபதமும் இல்லை. எவாஞ்சலியனின் ‘கொடிய தேவதையின் தீசிஸ்’ பாட்டை எழுதிய நெகோ ஒயிகாவா, தொடரின் ஆரம்பப் பகுதிகளை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

போக்கிமானுக்கு வருவோம். கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஆங்கிலத்தில் கேட்டு நீங்கள் மனப்பாடம் செய்த பாட்டு ஜப்பானியப் பாட்டே இல்லை. அமெரிக்க டப்புக்காக அங்கே எழுதி, ஜேசன் பெய்ஜ் பாடியது. ஜப்பானில் 1997-ல் வந்த முதல் ஓப்பனிங்கைப் பாடியவர், நாயகன் சதோஷிக்குக் குரல் கொடுத்த ரிகா மட்சுமோட்டோ. நாயகனே பாடுகிற அந்தப் பாட்டை நீங்கள் தேடிக் கேட்க வேண்டும். கதைக்குச் சொந்தமான பாட்டு அதுதான்.

இவற்றையெல்லாம் மட்டம் தட்டச் சொல்லவில்லை. எனக்கு இவை உயிர். ஒட்டவைத்த பாட்டையும் கதையின் பாட்டாக மாற்றியவர்கள் ஓப்பனிங் காட்சிகளைத் தொகுத்த கலைஞர்கள். ஸ்லாம் டங்க்கில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நாயகி ஹருகோ நிற்பாள், நடுவே ரயில் ஓடும். கமகுராகோகோ-மே நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராஸிங்கில் இன்றும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டில் இல்லாத கதையைக் காட்சி கொண்டுவந்து சேர்த்தது. 1987-ல் ‘சிட்டி ஹன்டர்’ செய்தது இதைவிடப் பெரிய காரியம். கடைசிக் காட்சி முடிவதற்குள்ளேயே எபிசோடின் இறுதியில் வரும் எண்டிங் பாட்டின் முன்னிசை அடியில் ஓட ஆரம்பித்துவிடும். கதை எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது.

சரி, இப்போதைய பாட்டுகள் எப்படி? 2023 ஏப்ரலில் வந்த ‘ஓஷி நோ கோ’வின் ஓப்பனிங் ‘ஐடல்’. பாடியது யோஅசோபி என்ற இருவர் குழு, நீங்கள் குறை சொல்கிற அதே பெரிய பாப் பாடகர்கள்தான். அந்தப் பாட்டுக்காகவே மூல மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) கதாசிரியர் அகா அகசாகா ஒரு சிறுகதை எழுதிக்கொடுத்தார். அந்தக் கதையை வைத்துத்தான் குழுவின் இசையமைப்பாளர் அயாசே பாட்டை அமைத்தார். ஐ என்ற பாடகியைப் பற்றி முதலில் ஊர் பேசும். வெளியுலகத்துக்கு அவள் குறையே இல்லாத நட்சத்திரம். அப்புறம் அவளோடு மேடையேறும் மற்ற பெண்களின் பொறாமை பேசும். கடைசியில்தான் அவள் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மெட்டு தடம் மாறும். குழுவின் பாடகி இகுராவின் குரல் துள்ளலாகத் தொடங்கி, நடுவில் ராப்பாகக் குத்தி, முடிவில் வெறும் மனுஷியின் குரலாக இறங்கும். ரசிகர்களிடம் ஓயாமல் பொய்யாகச் சொல்லிவந்த ஒரு வார்த்தையை அவள் முதல்முறையாக மெய்யாகச் சொல்கிற இடம் அது. இதைவிடக் கதைக்குள் இறங்கி எழுத முடியுமா? அந்த ஜூனில் பில்போர்டின் அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலில் இது முதலிடம் பிடித்தது. ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்று அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல்முறை.

‘செயின்சா மேன்’ தொடருக்குக் கென்ஷி யோனெசு எழுதிய ‘கிக் பேக்’ இன்னொன்று. வயிறு நிறையச் சோறு, ஒரு பெண்ணின் அன்பு, இவ்வளவுதான் நாயகன் டென்ஜியின் கனவு. அந்தப் பேராசையும் பரிதாபமும் பாட்டு முழுக்க இரைகிறது. 2022-ல் வந்த அதே தொடரின் 12 எபிசோடுக்கும் 12 வெவ்வேறு எண்டிங் பாட்டுகள், 12 வெவ்வேறு கலைஞர்கள். இதை ஏனோதானோ வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எல்லாமே இப்படியா என்றால், இல்லை. 2024-ல் ‘மாஷல்’ தொடருக்கு வந்த ‘பிளிங்-பாங்-பாங்-பார்ன்’ ஊரெல்லாம் ஆடவைத்தது. ஆட நன்றாக இருக்கிறது, எனக்கு மனதில் தங்கவில்லை.

உங்கள் ஏக்கத்துக்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் அது பாட்டின் தரம் இல்லை. ‘டிஜிமான் அட்வென்ச்சர்’ 1999-ல் தொடங்கி 54 எபிசோடு ஓடியது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓப்பனிங், கோஜி வாடா பாடிய ‘பட்டர்-ஃபிளை’. அவருக்கு அதுதான் அறிமுகப் பாட்டு. ஒரு வருஷம் வாராவாரம் ஒரே குரலைக் கேட்ட குழந்தைக்கு அது எப்படி மறக்கும்? இன்றைக்கு ஒரு சீசன் பெரும்பாலும் 12, 13 எபிசோடுதான். அடுத்த சீசனுக்கு வேறு பாட்டு வந்துவிடுகிறது. போதாததற்கு 2017-லிருந்து நெட்ஃப்ளிக்ஸில் ஸ்கிப் பட்டன் வேறு. எல்லா எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்த்து, ஒவ்வொரு தடவையும் பாட்டைத் தள்ளிவிட்டால் எந்தப் பாட்டும் நெஞ்சில் ஒட்டாது. பட்டர்-ஃபிளையையும் பத்து வினாடியில் தள்ளியிருந்தால் உங்களுக்கு இன்று அது யாரோ ஒருவர் பாடிய பாட்டு, அவ்வளவுதான்.

கோஜி வாடா பல வருஷம் புற்றுநோயோடு போராடியவர். 2015-ல் டிஜிமான் பிள்ளைகள் வளர்ந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களாகத் திரும்பி வந்த புதிய படங்களுக்காக அதே பாட்டைத் திரும்பப் பாடினார். அடுத்த ஏப்ரலில் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். 1999-ன் பதிவையும் 2015-ன் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு மனிதனின் பதினாறு வருஷம் அந்தக் குரலில் இருக்கிறது. முதல் பதிவு வந்த அன்று யாருக்கும் அது காவியமாகத் தெரிந்திருக்காது, சிறுவர் நிகழ்ச்சியின் பாட்டு, அவ்வளவே. இன்று ‘டீமன் ஸ்லேயர்’ தொடருக்கு லிசா பாடிய ‘குரெங்கே’யை விடாமல் கேட்கும் பிள்ளைகளும் 29 வயதில் உங்களைப் போலவே எழுதுவார்கள். அவர்களுக்கும் அப்போது இதே பதில்தான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் ‘ஓஷி நோ கோ’வின் முதல் எபிசோடைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும், ஒரு வினாடியும் தள்ளாதீர்கள். முடித்த கையோடு ‘ஐடல்’ முழுப் பாட்டையும் கேளுங்கள். ஒன்றரை நிமிட ஓப்பனிங்கில் அதன் பயணம் முழுதும் அடங்காது. அதற்கப்புறமும் இது ஒட்டவைத்த பாட்டு என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் பிரசுரிக்கிறேன்.