பாடப்புத்தகச் செலவு: இலவசப் பிடிஎஃப் வேறு, திறந்த பாடநூல் வேறு

முதலாண்டு மாணவி: பட்டியலில் உள்ள ஐந்து புத்தகங்களையும் வாங்கினால் இந்தப் பருவத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. நல்லவேளையாக வகுப்புக் குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் பிடிஎஃபாகப் போட்டுவிட்டார். ‘ஓப்பன்’ புத்தகம் என்று சொல்கிறார்களே, அது இதுதானா?

இல்லை. அது யாரோ ஸ்கேன் பண்ணிப் போட்டது. நான் உபதேசம் செய்யப்போவதில்லை, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். திறந்த பாடநூல் என்றால், எழுதியவரோ வெளியிட்டவரோ முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்: வைத்துக்கொள், நகலெடு, பிறருக்குக் கொடு, பெரும்பாலும் திருத்தியும் எழுதிக்கொள். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறங்கள். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் என்று இருந்தால் அநேகமாகத் திறந்த நூல். ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்று இருந்தால், இணையத்தில் எத்தனை இடத்தில் கிடைத்தாலும் அது திறந்த நூல் ஆகாது.

இன்னொன்று. இலவசம் என்றதும் பலர் நேராக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்கோர்ஸ்வேர் பக்கம் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். 2001இல் அறிவித்த அந்தத் திட்டம் அருமையானதுதான், ஆனால் அதில் முக்கியமாக இருப்பவை விரிவுரைக் குறிப்பு, கணக்குத் தாள், பழைய தேர்வுத்தாள், வீடியோ. சில பாடங்களில் ‘இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொள்’ என்று அங்கேயே எழுதியிருக்கும். முழுப் புத்தகம் வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ், லிப்ரேடெக்ஸ்ட்ஸ், ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி, இந்த மூன்றில் தொடங்குங்கள்.

பொறியியல் மாணவர்: வகுப்பில் சொன்ன இயற்பியல் புத்தகத்துக்குப் பதில் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பாதிப் பருவம் போன பிறகுதான் தெரிந்தது, வகுப்பில் நடத்துகிற மாதிரி இதில் ஒன்றுமே இல்லை. இலவசம் என்றால் இப்படித்தானா?

நீங்கள் எடுத்தது ‘காலேஜ் ஃபிசிக்ஸ்’ என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தேவைப்பட்டது ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’. இரண்டும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அதே ரைஸ் பல்கலைக்கழகத் திட்டத்தில் வந்தவைதான், ஆனால் முதலாவது வெறும் இயற்கணிதத்தோடு நிற்கிறது, இரண்டாவது நுண்கணிதத்தில் போகிறது. சுருள்வில்லை இழுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்த வேலை அரை கே எக்ஸ் வர்க்கம் (கே வில்லின் மாறிலி, எக்ஸ் இழுத்த தூரம், வர்க்கம் எக்ஸுக்கு மட்டும்) என்று இரண்டிலும்தான் வரும். முதல் புத்தகம், விசை சுழியிலிருந்து சீராக ஏறுகிறது, ஆகவே சராசரியை எடுத்துத் தூரத்தால் பெருக்கு என்று சொல்லி முடித்துவிடும். இரண்டாவது தொகையிடச் சொல்லும். உங்கள் ஆசிரியர் கரும்பலகையில் தொகையீட்டுக் குறி போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் சராசரி விசையோடு உட்கார்ந்திருந்தால் எப்படி ஒட்டும்? புத்தகத்தின் மேல் தப்பில்லை.

இதற்கு நான் செய்வது ரொம்பப் பழைய வழி. பாடத்திட்டத்தை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுங்கள், வலப்பக்கம் திறந்த நூலின் அத்தியாய எண்ணைக் குறியுங்கள். யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ் மூன்று தொகுதி: இயக்கவியலும் அலைகளும் முதலாவதில், வெப்பமும் மின்காந்தமும் இரண்டாவதில், ஒளியியலும் நவீன இயற்பியலும் மூன்றாவதில். ஆக ஒரு பருவத்துக்கு ஒரு தொகுதியே போதுமானதாக இருக்கலாம், அல்லது இரண்டிலிருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டிவரலாம். வலப்பக்கம் காலியாக நிற்கிற தலைப்புகளுக்கு மட்டும் நூலகப் பிரதியிடம் போங்கள். அப்புறம், ‘ஏழாம் அத்தியாயம், முப்பத்திரண்டாம் கணக்கு’ என்று வீட்டுப்பாடம் கொடுப்பார்கள் பாருங்கள், அந்த எண் திறந்த நூலில் பொருந்தவே பொருந்தாது. பழைய பதிப்பை வாங்கியவர்களுக்கும் இதே கதைதான்: பாடம் அப்படியே இருக்கும், கணக்கின் வரிசை மட்டும் மாறியிருக்கும். கேள்வியை மட்டும் நூலகத்திலோ நண்பரிடமோ பார்த்து எழுதிக்கொண்டால் முடிந்தது.

வணிகவியல் மாணவர்: சீனியரிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கினேன். இப்போது ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்கு ‘ஆக்ஸஸ் கோட்’ தனியாக வாங்கச் சொல்கிறார்கள்.

நானும் பட்டிருக்கிறேன். வீட்டுப்பாடத் தளத்துக்குள் நுழைவதற்கான அந்த எண் அட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, நானும் சந்தோஷமாகத் தட்டினேன், ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்தது. அந்த எண்ணை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், புத்தகம் கைமாறலாம், அது மாறாது. பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடிக்கிற வழியை அடைப்பதற்குத்தான் அது இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். உள்மதிப்பெண் அதன் வழியாகத்தான் போகிறது என்றால் மாணவராக உங்களால் தப்ப முடியாது. ஆசிரியர் மனது வைத்தால் முடியும். கணிதத்துக்கு மைஓப்பன்மேத், வெப்வொர்க் போன்ற ஆன்லைன் வீட்டுப்பாட மென்பொருள்கள் இருக்கின்றன, கேள்வியில் எண்ணை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்துத் தானே திருத்தும், மாணவரிடம் காசு கேட்காது. நாலு பேர் சேர்ந்து போய், பருவம் தொடங்குவதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்.

உதவிப் பேராசிரியர்: திறந்த நூலைப் பரிந்துரைக்கலாம் என்றால் துறைத்தலைவர், “சும்மா கிடைப்பதில் என்ன தரம் இருக்கும்?” என்கிறார்.

சும்மா வந்ததில்லை என்று சொல்லுங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012இல் முதல் புத்தகங்களை வெளியிட்டபோதே எழுதியவர்களுக்கும் சரிபார்த்தவர்களுக்குமான செலவை அறக்கட்டளைகள் கொடுத்தன, அந்தச் செலவை மாணவர் தலையில் கட்டவில்லை, அவ்வளவுதான். பிழை கண்டால் யாரும் எழுதி அனுப்பலாம், அந்தத் திருத்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரியில் ஆசிரியர்கள் எழுதிய மதிப்புரைகள் புத்தகத்தோடேயே இருக்கும், பிழையின்மை, தெளிவு, ஒழுங்கு என்று பத்து அளவுகோல் வைத்து எழுதியவை. திட்டியும் எழுதியிருப்பார்கள், அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

ஆனால் துறைத்தலைவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டாண்டுப் பொதுப்பாடங்களுக்கு அள்ள அள்ளக் கிடைக்கிறது. மூன்றாமாண்டு விருப்பப்பாடம் என்று போனால் ஆள் அரவமே இருக்காது. சில நூல்களுக்கு வினாவங்கியும் இருக்காது, ஸ்லைடும் இருக்காது, நீங்கள்தான் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். அதனால் அவரோடு வாதம் செய்யாமல், அவர் நடத்துகிற பாடத்திலிருந்து ஒரே ஒரு அத்தியாயத்தை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு மாணவர் தரவிறக்கினால் ஒருவருக்குத்தான் மிச்சம், நீங்கள் பட்டியலில் போட்டால் வகுப்பு முழுவதற்கும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். சேர்க்கையின்போதே பட்டியல் வெளியாகட்டும். முதல் வாரம் முடிந்து நீங்கள் சொல்வதற்குள் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள்.

முதுகலை மாணவி: ஒரு அத்தியாயத்தைத் தாய்மொழியில் பெயர்த்து, நடுவில் விக்கிப்பீடியா பத்திகளும் சேர்த்து ஜூனியர்களுக்குக் கொடுக்கலாமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பெயரில் வரும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ‘பை’ (BY) மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம்: தலைப்பு, ஆசிரியர், எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன உரிமம், எதை மாற்றினீர்கள், இவற்றை எழுதிவிட்டால் போதும். ‘என்.டி’ (ND) இருந்தால் மொழிபெயர்ப்பை வெளியே கொடுக்கக் கூடாது, பெயர்ப்பதும் மாற்றம்தான். ‘என்.சி’ (NC) என்றால் வணிகத்துக்கு ஆகாது. ‘எஸ்.ஏ’ (SA) என்றால் நீங்கள் உருவாக்குவதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும்.

சிக்கல் கலக்கும்போது வரும். ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூல் பை-என்.சி-எஸ்.ஏ. விக்கிப்பீடியா பை-எஸ்.ஏ. ஒன்று வணிகம் கூடாது என்கிறது, மற்றது அப்படியொரு தடையே போடக்கூடாது என்கிறது, இரண்டுமே என் உரிமத்தில்தான் விடு என்று பிடிவாதம் பிடிக்கின்றன. ஒரே பத்தியாகக் குழைத்தால் எந்த உரிமத்திலும் விட முடியாது. தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதனதன் உரிமத்தை எழுதிவிடுங்கள், பிரச்சினை இல்லை.

முதலாண்டு மாணவர்: திரையில் படித்தால் மண்டையில் ஏறவில்லை. அச்செடுக்கலாமா?

எடுங்கள், சொந்தப் படிப்புக்கு எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் தடுக்காது. முழுப் புத்தகத்தையும் எடுத்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும், பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். கறுப்புவெள்ளையில் எடுக்கிறீர்கள் என்றால் வரைபடப் பக்கங்களைக் கவனியுங்கள்: ‘சிவப்புக் கோடு தேவை, நீலக் கோடு அளிப்பு’ என்று கீழே எழுதியிருக்கும், உங்கள் தாளில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். கோட்டின் பக்கத்திலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.