கீழாநெல்லிக்கும் பெரிய நெல்லிக்கும் என்ன உறவு?

செடிகளின் பெயர்கள் குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆச்சி ஒருவரின் பதில்கள்.

தேவகோட்டை வாசகி: ஆச்சி, கொல்லையில் முளைக்கும் கீழாநெல்லிதான் மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் ஃபில்லாந்தஸ் அமாரஸா?

அதுதான் அம்மா. ஆனால் பறிக்கும் முன் ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சை மணிகள் சிறு காம்பில் வரிசையாகத் தொங்க வேண்டும். கீழே காய்க்கும் நெல்லி என்பதால் கீழாநெல்லி. கிரேக்கத்தில் ஃபில்லோன் இலை, ஆந்தோஸ் பூ. இலையிலேயே பூத்தது போலத் தோன்றுவதால் ஃபில்லாந்தஸ். அமாரஸ் என்றால் கசப்பு. ஓர் இலையை மென்றாலே விளங்கிவிடும். காய் காம்பின்றி ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாகவும் இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா, வேறு செடி. மஞ்சள் காமாலைக்காகப் பறிக்கிறீர்கள் என்றால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கானாடுகாத்தான் வாசகர்: ஊறுகாய் போடும் நெல்லியும் இதுவும் உறவா? அது மரமாயிற்றே!

நெருங்கிய உறவு தம்பி. பெரிய நெல்லி ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. இரண்டும் ஒரே பேரினம். நெல்லி மரத்தின் சிறு கிளையொன்றையும் கீழாநெல்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபுறமும் நெருங்கிய சின்ன இலைகள், அடியில் காய். மரமென்றும் பூண்டென்றும் பாராமல் இரண்டையும் 'நெல்லி' என்றவர்களின் கண்ணை நான் வணங்குகிறேன்.

புதுவயல் வாசகர்: அப்படியே சீமைக்கருவேலமும் நாட்டுக் கருவேலமும் உறவா?

இங்கே பெயரை நம்ப முடியாது. நாட்டுக் கருவேலம் வாச்செலியா நைலோடிகா, அதாவது நைல் நதியைச் சேர்ந்தது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022 முதல் நெல்டுமா என்றும் எழுதுகிறார்கள். நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை, சீமையின் பூ நீண்ட கதிர். ஜூலிஃப்ளோரா என்ற பெயரே அந்தக் கதிரைக் குறிப்பதுதான். கண்மாயில் சீமையை வெட்டப் போகிறவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை. பூவையாவது பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

ஆத்தங்குடி வாசகர்: எங்கள் வீட்டுத் தூண்களெல்லாம் பர்மா தேக்கு. தனி இனமா?

இல்லை, நம் காடுகளில் வளரும் அதே டெக்டோனா கிராண்டிஸ். 'தேக்கு' என்ற தென்னாட்டுச் சொல்தான் போர்த்துகீசியர் வழியாகப் போய் டெக்டோனா ஆயிற்று.

பள்ளத்தூர் வாசகி: பூக்காத காலத்தில் ஆவாரையை எப்படி அடையாளம் காண்பது, ஆச்சி?

அதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தில், இருபுறமும் காது மடல் போன்ற அகன்ற செதில்கள் இருக்கும். அதைத் தேடுங்கள்.