மருதமலையை மூன்று முறை

அன்புள்ள ஐயா,

கோவை வடவள்ளியில் வசிக்கும் வங்கி ஊழியன் நான். நான்கு ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் தீட்டுகிறேன். சில மாதங்களாகக் கை ஓடவில்லை. மாடியில் நின்றால் மருதமலை தெரியும். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இமயமலைப் பக்கம் போய்வந்தால் உந்துதல் கிடைக்குமா? எந்த வண்ணம், எந்தத் தூரிகை வாங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

ஒரு வாரமாக ஆங்கிலேய ஓவியர் டர்னரின் மலைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் மலையோடு வந்தது. வண்ணத்தையும் தூரிகையையும் கடைக்காரரிடம் கேளுங்கள். காகிதம் மட்டும் பருத்தியில் செய்ததாக இருக்கட்டும்.

சலித்துவிட்டது என்கிறீர்கள். அந்த மலையை எத்தனை முறை தீட்டினீர்கள்? ஒரு முறை தீட்டியதாகக்கூடக் கடிதத்தில் இல்லை. தீட்டாத மலை எப்படிச் சலிக்கும்? இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

1841இல் ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் ஏரிக்கரையில் தங்கியபோது டர்னருக்கு வயது 66. ஏரிக்கு அப்பால் ரிகி மலை. மறு ஆண்டு அந்த ஒரே மலையை மூன்று பெரிய நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். நீல ரிகி, சிவப்பு ரிகி, கரு ரிகி என்றே அவற்றுக்குப் பெயர். நீல ரிகியில் சூரியன் இன்னும் மேலே வரவில்லை. வானம் மஞ்சளிக்கிறது, மலை ஒரே நீலத் திரளாக நிற்கிறது. கீழே நாய்கள் தண்ணீரில் பாய, வாத்துகள் பதறி எழுகின்றன. சிவப்பு ரிகியில் அதே மலைமேல் அந்தி.

உந்துதல் என்றதும் எல்லோரும் அவருடைய 1818ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வார்கள். யார்க்‌ஷயரில் நண்பர் வீட்டில் காலை உணவின்போது, போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று காட்டும்படி ஒரு படம் கேட்டார்கள். காகிதம் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றி, கீறி, சுரண்டி, மதிய உணவுக்குள் கப்பலை முடித்துவிட்டார். அருகில் அமர்ந்து பார்த்த நண்பரின் மகனுக்கு அது மாயமாகத் தெரிந்தது. ஆனால் சிறுவயது முதல் கப்பல்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேடுகளை நிரப்பியவர் அவர். சுமார் 300 குறிப்பேடுகளை விட்டுச்சென்றிருக்கிறார். அந்தக் காலைப்பொழுதுக்குப் பின்னால் எத்தனை துறைமுகங்கள் இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கும்பகோணத்தில் என் ஓவிய ஆசிரியர் ஒரு கோடை விடுமுறை முழுவதும் பகவத் படித்துறையில் ஒரே படியில் என்னை உட்காரவைத்தார். கோபுரம் வரைய வேண்டும் என்று அழுதிருக்கிறேன். ஒரு நாள் வானத்தைப் பூசிவிட்டு அவசரமாக அடுத்த வண்ணத்தைத் தொட்டேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, என் விரலின் பின்புறத்தைக் காகிதத்தில் வைத்தார். பளபளப்பு அடங்கியிருந்தது, ஆனால் சில்லென்று இருந்தது. “ஈரம் உள்ளே இருக்கிறது. பொறு” என்றார். நான் பொறுக்கவில்லை. புது வண்ணத்தின் நீர் பரவி, ஓரமெல்லாம் காலிஃபிளவர் போலப் பூத்து, வானம் பாழானது. அவர் திட்டவில்லை. மறுநாளும் அதே படியில் உட்காரச் சொன்னார்.

இமயமலைக்குப் பிறகு போகலாம், தம்பி. நாளை விடிவதற்கு முன் மாடிக்கு வந்து மருதமலையைத் தீட்டுங்கள். வங்கியிலிருந்து திரும்பியதும் அந்தியில் ஒன்று. மழை இறங்கும் நாளில் இன்னொன்று. மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், கெட்டுப்போனதையும் சேர்த்து.